காலங் கடந்து பட்டாளத்திற்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் உபாத்தியாயர் வீட்டுக்கு இன்னோர் உபாத்தியாயர் வந்தால், அது ஒன்று விடைத்தாள் விஷயமாக இருக்கும். அல்லது கைமாற்று விஷயமாக இருக்கும். ஆகையால், நம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தும் நண்பர் சென்ற மாதம் ஒரு நாள் காலையில் திண்ணையில் வந்து உட்கார்ந்தபோது, நாம் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக் கொண்டோம். அவரோ, "ஸார், பட்டாளத்தில் சேரலாம் என்று உத்தேசம். தங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டார்.

நண்பருக்கு வயது முப்பத்தாறு. தாயார் இருக்கிறார். மனைவி இருக்கிறார். எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. காலைப் பிரார்த்தனையில் கால் மணி நேரம் நின்றால் அவருக்கு முதுகு பிடித்துக் கொள்வதை நாம் கண்ணாரப் பார்த்திருக்கிறோம். எனவே, காப்பி ஆறுவதற்குள் "வேண்டாம்" என்று சொல்லி விட்டோம். சொன்னதோடு நிற்காமல் காரணங்களையும் அடுக்கினோம். உடம்பு இடம் கொடாது, குடும்பம் தவிக்கும், பதினான்கு வருஷ அநுபவம் வீணாகும். உபாத்தியாயர் தொழிலில் ஒரு காரணம் சொன்னால் போதாது என்பது பழக்கம்.

நண்பர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஸார், நீங்கள் சொன்னவற்றில் எனக்குத் தெரியாதது ஏதாவது உண்டா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மெய்யாகவே தெரிந்து கொள்வதற்காகக் கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. அவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய் விட்டார்.

அன்று முழுவதும் நமக்கு மனம் சரியாக இல்லை. கலாசாலையில் படித்த நாளில் நாமும் தேசிய மாணவர் படையின் காக்கி உடுப்பை மாட்டிக் கொண்டு அணிவகுத்ததுண்டு. பட்டம் பெற்றதும் சேனைக்கு மனுப் போட வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. உபாத்தியாயர் பயிற்சிக்குப் பணம் கட்டியாகி விட்டது என்று தகப்பனார் ஒரு வார்த்தை சொன்னார்; அதோடு அந்த ஆசை அடங்கிற்று. இப்போது நமக்கு வயது நாற்பத்து நான்கு. நண்பரிடம் "வேண்டாம்" என்று அவ்வளவு விரைவாகச் சொன்னதில் அவர் மீது அக்கறை எவ்வளவு, நமக்குக் கிட்டாதது அவருக்கு மட்டும் கிட்டுவானேன் என்ற எண்ணம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முற்பட்டோம். கணக்கு நமக்கு அநுகூலமாக வரவில்லை.

நண்பர் சேர நினைத்தது பிரதேச சேனையில். இதைப் பற்றி வாசகர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். முழு நேரச் சேனையில் அதிகாரியாவதற்குரிய வாசல்கள் பெரும்பாலும் இருபத்தேழு வயதுக்குள் அடைத்து விடுகின்றன. ஆனால் 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி ஏற்பட்ட பிரதேச சேனையில் வேறு ஜீவனம் உள்ளவர்களையே சேர்த்துக் கொள்கிறார்கள். பட்டதாரிகள் நாற்பத்திரண்டு வயது வரையில் அதிகாரி பதவிக்கு மனுப் போடலாம். எழுத்துப் பரீட்சை, நேர்முகப் பரீட்சை, உடற்பரிசோதனை எல்லாம் உண்டு. சாதாரணமாக வருஷத்தில் சில வாரங்கள் பயிற்சி. தேசத்துக்கு அவசியம் நேர்ந்தால் முழு நேரச் சேவை. 1962, 1965, 1971 யுத்தங்களில் இந்தச் சேனையை அப்படித்தான் அழைத்தார்கள். இதை 1949-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 9-ஆம் தேதி தொடங்கி வைத்தவர், அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த நம் ராஜாஜி. அஹிம்சையில் ஊறிய அந்தப் பெரியவர், குடிமக்கள் தத்தம் தொழிலை விடாமலே துப்பாக்கி பிடிக்கக் கற்க வேண்டும் என்ற ஏற்பாட்டைத் துவக்கி வைத்தார் என்பது யோசிக்கத் தக்கது. 2011-ஆம் வருஷத்தில் வங்காளத்தைச் சேர்ந்த சாந்தி திக்கா என்ற ரயில்வே ஊழியர் இந்தச் சேனையில் முதல் பெண் சிப்பாயாகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து; இரண்டு குழந்தைகளின் தாய். இரண்டே வருஷத்தில் அவருடைய ஆயுள் அகாலமாக முடிந்தது. அந்தத் துயரம் தனிக் கதை.

நம்முடைய மனத்தை மாற்றியவர் வேறு ஒருவர். அவரும் ஓர் உபாத்தியாயரே. அமெரிக்காவில் மேய்ன் மாகாணத்துப் போடின் கல்லூரியில் ஜோஷுவா சேம்பர்லின் என்பவர் அலங்கார சாஸ்திரமும் பாஷைகளும் போதித்துக் கொண்டிருந்தார். அடிமைத்தனத்தின் காரணமாக வட மாகாணங்களுக்கும் தென் மாகாணங்களுக்கும் மூண்ட உள்நாட்டு யுத்தத்தின் இரண்டாம் வருஷம் அது, அதாவது 1862. அவருக்கு வயது முப்பத்து மூன்று. மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். பட்டாளத்தில் சேர விரும்பினார். சக ஆசிரியர்கள் தடுத்தார்கள். ஐரோப்பாவுக்குப் போய்ப் படித்துவிட்டு வருவதற்கென்று இரண்டு வருஷம் ரஜாவே கொடுத்துப் பார்த்தது கல்லூரி. அவரோ நேரே மாகாண கவர்னருக்கு மனுப் போட்டார். "இந்த மனிதர் யுத்தத்துக்கு லாயக்கில்லாதவர்" என்று கவர்னருக்குக் கடிதங்களும் பறந்தன. ஆசிரியர் அறையின் இயல்பு எந்தத் தேசத்திலும் ஒன்றுதான் போலும்!

கவர்னர் அவருக்கு ஒரு பட்டாளத்தின் கர்னல் பதவியையே கொடுக்க முன்வந்தார். சேம்பர்லின் அதை ஏற்கவில்லை. ஒரு படி கீழே இருந்து தொழிலைக் கற்றுக் கொள்கிறேன் என்று சொல்லி, உதவிக் கர்னலாக மேய்ன் இருபதாவது பட்டாளத்தில் சேர்ந்தார். அதன் கர்னல் அடெல்பெர்ட் ஏம்ஸ் ராணுவக் கல்லூரியிலிருந்து முந்திய வருஷந்தான் தேறி வந்தவர். சேம்பர்லினை விட ஏழு வயது இளையவர். அந்த இளைஞரிடம், பத்து வருஷத்துக்கு முன்னால் கல்லூரிப் படிப்பை முடித்த இந்தப் பேராசிரியர், இரவு நேரங்களில் கூடாரத்தில் உட்கார்ந்து பாடம் கேட்டார்.

இந்த இடத்தில்தான் நாம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தோம். நண்பரிடம் முதுகைப் பற்றிப் பேசினோமே, அது பெரிய விஷயமல்ல. முதுகைப் பழக்கலாம். பதினான்கு வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவன், பலகையைப் பார்த்து உட்காருவதுதான் கஷ்டம். நம்மில் எத்தனை பேரால் அது முடியும்? நம் பள்ளியில் கம்ப்யூட்டர் பழக்குவதற்கு இருபத்து மூன்று வயதுப் பையன் ஒருவன் வந்திருந்தபோது, நாம் பின் பெஞ்சில் உட்கார்ந்து கொண்டு செய்த குறும்புகளை மாணாக்கர்கள் பார்த்திருந்தால் நமக்கு மறுநாள் வகுப்பில் மதிப்பு இராது.

சேம்பர்லினுடைய பழைய தொழில் வீணாகி விடவில்லை என்பதற்கும் அத்தாட்சி உண்டு. 1863-ஆம் வருஷம் மே மாதத்தில் அவர் கர்னலானார். அந்தச் சமயம், வேறு ஒரு பட்டாளத்திலிருந்து கலகம் செய்த நூற்றிருபது பேரைக் காவலோடு அவரிடம் அனுப்பினார்கள். தங்கள் தோழர்கள் கெடு முடிந்து வீடு திரும்ப, தங்களுக்கு மட்டும் இன்னும் ஒரு வருஷம் பாக்கி என்று சொன்னதால் அவர்கள் ஆயுதம் எடுக்க மறுத்தவர்கள். அவசியமானால் சுடலாம் என்று உத்தரவு. சேம்பர்லின் முதலில் அவர்களுக்குச் சாப்பாடு போடச் சொன்னார். பிறகு அவர்களுடைய குறையைக் கேட்டார். அதன் பிறகு அவர்களைப் பிரித்து வெவ்வேறு கம்பெனிகளில் சேர்த்தார். கடைசி வரிசைப் பையன்களைப் பிரித்து உட்கார வைக்கும் யுக்தியை எந்த ராணுவக் கல்லூரி கற்றுக் கொடுக்கும்? ஏறக்குறைய எல்லாரும் துப்பாக்கியை எடுத்துக் கொண்டார்கள். ஜூலை 2-ஆம் தேதி கெட்டிஸ்பர்க் யுத்த களத்தில் லிட்டில் ரௌண்டு டாப் என்ற குன்றில், நானூறுக்குக் குறைவான பேருடன், சேனையின் இடது கோடியை அந்தப் பட்டாளம் காத்து நின்றது. தோட்டா தீர்ந்து போகும் தறுவாயில் துப்பாக்கி முனை ஈட்டியுடன் குன்றிலிருந்து கீழே பாய்ந்து எதிரியை ஓட்டியது.

கொடுத்த விலையையும் மறைப்பது நியாயமல்ல. மறு வருஷம் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு குண்டு அவருடைய இடுப்பை ஊடுருவியது. பிழைக்க மாட்டார் என்றே எண்ணினார்கள். பத்திரிகைகளில் மரணச் செய்தி கூட வந்து விட்டது. பிழைத்தார். 1865-இல் அப்பொமாட்டக்ஸில் தென் மாகாணத்துக் காலாட்படை ஆயுதங்களை ஒப்படைத்தபோது, தோற்றவர்களுக்கு மரியாதை செய்யும்படி தம் வீரர்களுக்குக் கட்டளை இட்டார். ஆனால் அந்தப் புண் முற்றிலும் ஆறவேயில்லை. 1914-ல், எண்பத்தைந்தாவது வயதில், அதன் உபாதையோடுதான் அவர் காலமானார். ஐம்பது வருஷம்!

இன்னொரு வேடிக்கை. பின்னால் அவர் தம்முடைய கல்லூரிக்கே தலைவராகி, மாணாக்கர்களுக்குக் கட்டாய அணிவகுப்புப் பயிற்சியைப் புகுத்தினார். 1874-இல் மாணாக்கர்கள் திரண்டு மறுத்து விட்டார்கள். எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிப் பெற்றோர்களுக்குக் கடிதம் எழுதினார். பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள். ஆனால் பயிற்சி விருப்பப் பாடமாகிக் காலக்கிரமத்தில் மறைந்தது. கலகக்காரர் நூற்றிருபது பேரை வசப்படுத்தியவரால் கல்லூரிப் பையன்களை வசப்படுத்த முடியவில்லை.

இவ்வளவு தூரம் போவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். சென்னையில் பிறந்து, சென்னை வைத்தியக் கல்லூரியில் 1938-இல் பட்டம் பெற்று, 1940-இல் சிங்கப்பூருக்குப் போய் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்து வந்த டாக்டர் லக்ஷ்மி சுவாமிநாதனை நாம் மறக்கவில்லை. 1943-ஆம் வருஷம் ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து, பெண்களுக்கென்று ஒரு பட்டாளம் வேண்டும் என்றபோது, டாக்டருக்கு வயது இருபத்தெட்டு. சிப்பாய்கள் பதினெட்டு, இருபதில் சேரும் தொழிலுக்கு அது முதிர்ந்த வயதுதான். கையில் நடந்து வந்த வைத்திய சாலை. தொழிலில் நல்ல பெயர். அவற்றை விட்டுவிட்டு, ஜான்ஸி ராணிப் படையின் தலைமையை ஏற்றார். ஸ்டெதாஸ்கோப்பு பிடித்த கை துப்பாக்கியைத் தூக்கப் பழகியது. மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள் பலர் அந்தப் படையில் இருந்தார்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்திராத பெண்கள்! அவர்களும் பட்டம் பெற்ற டாக்டரம்மாளும் ஒரே மைதானத்தில், ஒரே கட்டளைக்குக் கால் மாற்றினார்கள். அந்தக் காட்சியை நினைக்கும்போது நமக்கு மயிர்க் கூச்செறிகிறது.

அந்தப் படை பர்மா வரையில் சென்றது. 1945-இல் பின்வாங்கிய பிறகு அவர் பிரிட்டிஷாரிடம் சிறைப்பட்டார். 1946-இல் இந்தியா வந்து சேர்ந்தார். பிறகு கான்பூரில் குடியேறி, தொண்ணூறு வயதைக் கடந்தும் ஏழைப் பெண்களுக்கு வைத்தியம் பார்த்து வந்தார். 2012-ஆம் வருஷம் ஜூலையில் தொண்ணூற்றேழாவது வயதில் மறைந்தார். அவர் கழித்த வருஷங்களில் ராணுவ உடுப்பில் இருந்தவை மிகச் சில. ஆனாலும் ஜனங்களுக்கு அவர் கடைசி வரையில் காப்டன் லக்ஷ்மிதான்.

மறுவாரம் நாமே நண்பரைத் தேடிப் போனோம். இந்தத் தடவை முதுகைப் பற்றிப் பேசவில்லை. "உமக்குப் பத்து வயது இளையவர் ஒருவர் மைதானத்தில் உம்மை நிற்க வைத்து அதட்டுவாரே, பொறுப்பீரா?" என்று கேட்டோம்.

நண்பர் சிரித்தார். "பதினான்கு வருஷமாகப் பிறரைத் திருத்திக் கொண்டே இருக்கிறேன், ஸார். என்னை யாராவது திருத்தினால் தேவலை என்று இருக்கிறது" என்றார்.

நமக்கு அதற்கு மேல் கேள்வி இல்லை. கேள்வி இருந்தது உள்ளே இருந்தவரிடம். அவருடைய மனைவி வாசற்படியண்டை வந்து, "அண்ணா, வருஷத்துக்குச் சில வாரம் என்கிறாரே, அது சில வாரந்தானா, சில வருஷமாகவும் ஆகுமா? அதை மட்டும் சரியாகச் சொல்லுங்கள்" என்றாள்.

சேம்பர்லினுடைய மனைவியும் இதைத்தான் கேட்டிருப்பாள்; பதில் எவர் வாயிலிருந்து வந்ததோ! நாம் உள்ளதைச் சொன்னோம். யுத்தம் வந்தால், அல்லது அவசியம் என்று சர்க்கார் கருதினால், வருஷக் கணக்கிலும் ஆகலாம். அப்படி ஆனாலும் திரும்பி வந்ததும் பழைய வேலையைக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. "திரும்பி வந்ததும்" என்ற சொற்களைச் சொல்லும்போது நம் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. அவள் கவனித்திருப்பாள்.

சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்படியானால் அந்தக் கணக்கிலேயே நானும் வீட்டை ஏற்பாடு செய்து கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சம்மதம் என்று அவள் சொல்லவில்லை. நண்பர் அதைச் சம்மதம் என்று எடுத்துக் கொண்டார். நாம் அவ்வளவு நிச்சயமாக எடுத்துக் கொள்ள மாட்டோம்.

பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இப்போது தினந்தோறும் காலை ஐந்தரை மணிக்குப் பள்ளி மைதானத்தில் நண்பர் ஓடுகிறார். கடிகாரம் பிடிப்பது நாம். சுற்றுகளை எண்ணுவது அவருடைய பெண் குழந்தை. நேற்று அவர் வேர்க்க விறுவிறுக்க நின்று, முழங்காலில் கையூன்றிக் கொண்டு, "நாலு சுற்று ஆயிற்று, ஸார்" என்றார்.

"மூன்றரைதான், அப்பா" என்றாள் குழந்தை.

நண்பர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு மீதி அரைச் சுற்றை ஓடப் போனார்.