காலிக் கிண்ணம் கேட்டால் கிடைப்பதில்லை

வெளியூர் போய் வரைவதற்கு வாட்டர் கலர் பெட்டி கேட்டால் கடையில் உடனே வரும் கேள்வி, "பன்னிரண்டா, இருபத்துநாலா, முப்பத்தாறா?" என்பதுதான். எத்தனை நிறம் இருந்து என்ன, குழைக்க இடம் வேண்டாமா? திறந்தால் பெட்டி முழுக்க வில்லைகள். நீலத்தையும் மஞ்சளையும் கலந்து ஒரு தென்னந்தோப்புப் பச்சையை வரவழைக்கக் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு குழி. இரண்டு தடவை தூரிகையை வைத்தால் எல்லாம் சேறாகிவிடுகிறது.

அந்தப் பன்னிரண்டிலும் வெள்ளைக்கு ஓர் இடம், கறுப்புக்கு ஓர் இடம். யார் கேட்டார்கள்? நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாள்தான்; தொடாமல் விட்டால் போதும். அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னாவைச் சேர்த்தால் மாமல்லபுரத்துப் பாறையின் நிழல் அப்படியே வருகிறது. டப்பாக் கறுப்பில் அது வரவே வராது. அந்த இடத்தில் ஒரு யெல்லோ ஓக்கரை வைத்துக்கொள்ளலாம் என்றால், வில்லையைத் தட்டோடு ஒட்டியிருக்கிறார்கள்.

சரி, நாமே பெட்டி தயார் செய்வோம் என்று இறங்கினால் அது வேறு பாடு. மிட்டாய்த் தகர டப்பாவில் இரண்டு மழைக்காலம் போனால் கீல் துருப்பிடிக்கிறது. பிளாஸ்டிக் தட்டிலோ வண்ணம் பரவாமல் முத்து முத்தாகத் திரள்கிறது. தாலோ நீலக் கறை ஏறினால் லேசில் போகாது. உள்ளே வெள்ளை எனாமல் பூசிய தகரப் பெட்டிதான் நம்பகமானது. ஹாஃப்-பேன் எனப்படும் குட்டிக் கிண்ணத்தில் சுமார் 2 மில்லி பிடிக்கும். 5 மில்லி டியூப் ஒன்றில் இரண்டு கிண்ணம் நிரப்பலாம். மூலையிலிருந்து கொஞ்சமாகப் பிதுக்கி, பல்குச்சியால் கிளறிக் காற்றை வெளியேற்றி, காய்ந்ததும் அடுத்த அடுக்கு போட வேண்டும். அடியில் காந்தத் தாளை வெட்டி ஒட்டினால் ரயில் குலுக்கலிலும் நகராது, வேண்டியபோது இடம் மாற்றலாம்.

ஆனால் சென்னையின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அது எங்கே காய்கிறது? தேன் கலந்த வண்ணமென்றால் பிசுபிசுத்துப் பக்கத்துக் கிண்ணத்துக்கு வழிகிறது. மூடி வைத்தால் பூஞ்சை. சித்திரையில் அதே கிண்ணத்து வண்ணம் வெடித்துச் சுருங்கி, பையைத் திறந்தால் தனியே உருண்டு கிடக்கிறது. நம் ஊர் வெயிலையும் ஈரத்தையும் நினைத்து வண்ணம் செய்பவர்கள் யாராவது உண்டா?

அமெரிக்க ஓவியர் ஜான் காஃப் ராண்ட் வண்ணம் பிதுக்கும் உலோகக் குழலுக்குக் காப்புரிமை வாங்கியது 1841-இல். வண்ணம் ஊர் சுற்றக் கிளம்பி இத்தனை காலமாகியும், "காலிக் கிண்ணம் பத்து கொடுங்கள்" என்று கேட்டால், "செட்டோடதான் சார் வரும்" என்கிறார்கள். இன்னொரு செட் வாங்கி, அதிலிருக்கும் வண்ணத்தைச் சுரண்டிக் கொட்டிவிட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொள்வதா? சில்லறையில் விற்றால் என்ன குறைந்துவிடும்?