ஓடுற ஃபேன் ஓடட்டுமா?

"நல்லா ஓடுற ஃபேனை எதுக்கு சார் மாத்தணும்?" விளாத்திகுளத்தில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் இந்தக் கேள்விதான். கேட்பது யார்? ஜீரோ வாட் பல்பை அணைக்க ராத்திரியில் எழுந்து போகிற சிக்கனக்காரர்கள்! எனக்கு எரிச்சலாக வருகிறது.

கணக்குப் போடுங்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். நம் கரிசல் வெக்கையில் நாளைக்கு 15 மணி நேரமாவது ஓடும். இரண்டு மாதத்துக்கு 67 யூனிட்டுக்கு மேல். ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என்றால் 135. 2016-ல் அரசு அறிவித்த 100 இலவச யூனிட்டையும் தின்றுவிட்டு, மேலே 35-க்குக் காசு கேட்கிறது. இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட்தான். இரண்டுக்கும் சேர்த்து 54 யூனிட்.

விலை கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் காயில் கருகிய கிழட்டு ஃபேனைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பத் திரும்பக் காயில் கட்டுகிறீர்களே, அந்தக் காசை யார் எண்ணுவது? சரியாகக் கட்டாவிட்டால் முன்னைவிட அதிகமாகவே கரண்ட் இழுக்கும்.

ஆளில்லாத அறையில் ஓடவிடுவது இன்னொரு கூத்து. ஃபேன் அறையைக் குளிர வைக்காது, உடம்பு வியர்வையைத்தான் உலர்த்தும். காலி அறையில் மோட்டார் சூடுதான் மிச்சம்.

பிள்ளைகள் ஏ.சி. மாட்டச் சொல்கிறார்கள். ஒன்றரை டன் ஏ.சி. இழுக்கும் 1,500 வாட்டில் இந்த ஃபேன் 50 ஓட்டலாம்.

2011-ல் மிக்சி, கிரைண்டரோடு மேஜை ஃபேனும் கொடுக்கத் தொடங்கிய அரசு, அடுத்ததாக இதைக் கொடுக்கட்டும். இலவசமாக வேண்டாம், கரண்ட் பில்லில் தவணையாகப் பிடித்துக்கொள்ளட்டும். மின்வாரியத்துக்குக் கட்டும் மானியமும் குறையுமே!