அந்தப் பூச்சிக்குப் பேர் என்ன?

என் ஏழு வயது மகளுக்கு ஒரு கெட்ட பழக்கம். கண்ணில் படுகிற எல்லாவற்றுக்கும் பேர் கேட்பாள். தெரியாது என்று சொன்னால் விட மாட்டாள். "உனக்குத் தெரியாதா, இல்ல யாருக்குமே தெரியாதா?" என்பாள். வக்கீலுக்குப் படிக்க வைக்கலாம் என்றிருக்கிறேன்.

போன மாதம் ஆனைக்குட்டத்தில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். கிணற்றடியில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடந்த ஈரச் செங்கல்லைப் புரட்டினாள். அடியில் பத்துப் பதினைந்து பூச்சிகள். சாம்பல் நிறம், ஓர் அரிசி நீளம். முதுகு முழுக்க கடை ஷட்டர் மாதிரி தகடு தகடாக அடுக்கு.

"அப்பா, இதுக்குப் பேரு என்ன?"

நான் பி.காம். டெபிட் எது, கிரெடிட் எது என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துச் சொல்லிவிடுவேன். இதற்குப் பெரியப்பாவைப் பார்த்தேன்.

"மரவட்டைக் குட்டி" என்றார் பெரியப்பா.

"செங்கப் பூச்சி" என்றாள் பெரியம்மா.

"செங்கலுக்கு அடியில இருக்குறதாலயா அப்பாயி?"

"ஆமா தாயி."

"அப்ப கல்லுக்கு அடியில இருந்தா?"

பெரியம்மா அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்து உள்ளே போய்விட்டாள்.

எனக்கு மானம் போயிற்று. சிவகாசிப் பக்கம் ஒரு பொருள் பிறக்கும்போதே பேரோடுதான் பிறக்கிறது. குருவி வெடி, லட்சுமி வெடி, ஓலை வெடி, சங்குசக்கரம். ஒரு நொடியில் வெடித்துக் காகிதமாகிறதற்கு லேபிள், படம், கலர் எல்லாம் உண்டு. செங்கலுக்கு அடியில் தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் நடத்துகிறதற்கு ஒரு பேர் கிடையாதா?

கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தரும் நண்பரைப் பிடித்தேன். போட்டோவைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"முதல்ல, இது பூச்சியே இல்ல. பூச்சிக்கு ஆறு கால். இதுக்குப் பதினாலு. இது இறாலுக்கும் நண்டுக்கும் சொந்தம். கடலை விட்டுக் கரையேறின கிளை. ஊரை விட்டு வந்தாலும் பழக்கம் போகல. இன்னமும் வயித்துக்கு அடியில செவுள் மாதிரி உறுப்பு வெச்சுத்தான் மூச்சு விடுது. அது காஞ்சா ஆள் காலி. அதான் ஈரத்தை விட்டு நகராது. பொம்பளைக்கு வயித்துல பை உண்டு. முட்டையை அதுலதான் சுமக்கும், கங்காரு மாதிரி."

இங்கிலீஷில் உட்லவுஸ். மரப்பேன் என்று அர்த்தம். பேனும் இல்லை. உலகம் முழுக்க இதுவரை 3,700 வகைக்கு மேல் பேர் வைத்திருக்கிறார்களாம்.

"அப்ப எங்க பெரியப்பா வீட்டுப் பூச்சி அதுல எது?"

"போட்டோவைப் பார்த்துச் சொல்றதுக்கு இது என்ன கல்யாணத்துக்குப் பொண்ணா?" என்றார்.

ஒரு புது வகைக்குப் பேர் வைப்பது என்பது, வாசகர்களே, நம் வீட்டுப் பெயர்சூட்டு விழா மாதிரி இல்லை. பத்திரப் பதிவு மாதிரி. முதலில் ஆல்கஹாலில் போட்ட உடம்பை மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்து ஊசி முனையால் ஒவ்வொரு காலாகக் கழற்ற வேண்டும். மீசை, வாய்ப்பகுதி, வால், ஆணின் வயிற்றடியில் இருக்கும் மெல்லிய தகடுகள், அத்தனையையும் தனித்தனியாகப் படம் வரைய வேண்டும். வெளியே பார்த்தால் அச்சாக ஒன்றுபோல் இருக்கிற இரண்டு வகைகளை அந்தத் தகடுகளின் வடிவம்தான் பல சமயம் காட்டிக் கொடுக்கும். பிறகு வில்லங்கம் பார்க்க வேண்டும். இதே பிராணிக்கு வேறு யாராவது ஏற்கெனவே பேர் வைத்திருக்கிறார்களா என்று பழைய புத்தகங்களையெல்லாம் புரட்ட வேண்டும். 1758-ஆம் வருஷத்திலிருந்து கணக்கு. முந்தினவன் வைத்த பேர்தான் செல்லும்.

கடைசியாக ஓர் உடம்பை, 'இதுதான் அசல்' என்று குறித்து மியூசியத்தில் வைக்க வேண்டும். நம் ஊர் மொழியில் மூலப் பத்திரம். நாளைக்கு யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அதை எடுத்துப் பார்க்கலாம். இப்படி ஆதாரமாக வைக்கும் உடம்புகளுக்கு 'வவுச்சர்' என்றே ஒரு பேர் உண்டு என்று நண்பர் சொன்னபோது எனக்குக் கண்ணில் நீர் வராத குறை. வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போடாதே என்று எங்கள் கணக்கு வாத்தியார் மூன்று வருஷம் கத்தியது வீண் போகவில்லை.

நம் நாட்டில் இந்த மாதிரி ஒரு பேர் வைத்த கதையையும் சொன்னார். இன்றைய மேகாலயாவில், காரோ மலையில், சிஜு என்று ஒரு குகை. காரோ மக்கள் அதை தோபாக்கோல் என்பார்கள். வௌவால் குகை. 1922-இல் ஸ்டான்லி கெம்ப், பி. சோப்ரா என்று இந்திய விலங்கியல் ஆய்வுத் துறைக்காரர்கள் இருவர் உள்ளே போனார்கள். புலி தேடி அல்ல, புதையல் தேடி அல்ல. சுவரிலும் வௌவால் எச்சத்திலும் ஊர்கிறதையெல்லாம் சேகரித்தார்கள். ஏறத்தாழ நூறு வகைப் பிராணிகள் தேறின. அதில் ஒரு மரப்பேன் புதுசு. 1924-இல் சோப்ரா அதற்கு 'ஃபிலோசியா தோபாகோலி' என்று பேர் வைத்தார். குகைக்கு காரோ மக்கள் வைத்த பேர் அப்படியே ஒரு பிராணிக்கும் ஆகி, நூறு வருஷமாகப் புத்தகத்தில் நிற்கிறது.

"சரி சார், நம்ம பக்கம் குகை ஏது? எல்லாம் கரிசலும் பாறையும்தானே?"

"கிணறு இருக்குல்ல?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அப்புறம் அவர் சொன்னதில்தான். அதே சோப்ரா, திவாரி என்பவரோடு சேர்ந்து 1950-இல் இன்னொன்றுக்குப் பேர் வைத்தார். 'நிக்கோல்சியா காசியென்ஸ்'. கிடைத்த இடம் காசியில் கிணறுகள்! மரப்பேனுக்குத் தண்ணீர்ப் பக்கத்துப் பங்காளி. கண் கிடையாது. இருட்டிலேயே பிறந்து இருட்டிலேயே முடிகிறவனுக்குக் கண் எதற்கு? காசிக்குப் போய் எத்தனை லட்சம் பேர் புண்ணியம் தேடியிருப்பார்கள்! அவர்கள் காலுக்குக் கீழே, குடிக்கிற தண்ணீரில், இது பாட்டுக்கு இருந்திருக்கிறது.

இதன் சொந்தக்காரர்கள் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்காவில் இருக்கிறார்கள். நல்ல தண்ணீர்ப் பிராணி கடலை நீந்திக் கடக்காது. அப்படியானால் எப்படிப் போச்சு? போகவே இல்லை. நிலம்தான் பிரிந்து போனது. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஒட்டிக் கிடந்த காலத்தில், பத்துக் கோடி வருஷத்துக்கும் முன்னால், ஒரே வீட்டில் இருந்த குடும்பம் இது. 2011-இல் ஆந்திராவின் நிலத்தடி நீரில் கிடைத்த இன்னொன்றை விவரித்து எழுதியவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாக்காரர். பங்காளியை அடையாளம் காட்டப் பங்காளி ஊர்க்காரரே வந்தார்.

உடனே பெரியப்பாவுக்குப் போன் போட்டேன்.

"பெரியப்பா, நம்ம கிணத்தை என்ன பண்ணப் போறீங்க?"

"அதான் போர் போட்டாச்சே. கோடையில கிணத்துல முழங்கால் தண்ணிகூட நிக்க மாட்டேங்குது. அடுத்த வாரம் ஜே.சி.பி. வருது. பழைய தொழுவத்தை இடிச்ச கல்லு மண்ணைத் தள்ளி மூடிர வேண்டியதுதான்."

"ஒரு வாரம் பொறுங்க, நான் வர்றேன்."

போனேன். நண்பர் சொன்னபடி, கிணற்று மோட்டார் குழாய் வாயில் மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி, ஒரு மணி நேரம் தண்ணீர் ஓட விட்டேன். ஊரே வேடிக்கை பார்த்தது. "தம்பி தங்கம் அரிக்குதா?" என்று கேட்டார் பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி. அவிழ்த்துப் பார்த்தால் மணல், பாசி, கொசுப்புழு, ஒரு நத்தை ஓடு, ஒரு சட்டைப் பித்தான்.

நம் கிணற்றில் காசிப் பிராணி இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு மணி நேரத் துணியை வைத்து, இல்லை என்றும் சொல்ல முடியாது. கணக்கில் ஏறின ஒன்று காணாமல் போனால் ஆடிட்டர் கேட்பார். என்ட்ரியே போடாத சரக்கு தொலைந்தால் யார் கேட்பார்கள்? தொலைந்தது என்றே தெரியாதே. பேர் வைப்பதால் ஒரு பூச்சி பிழைத்துவிடாது. ஆனால் செத்தால் செத்தது என்றாவது தெரியும்.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னேன். வெற்றிலையை மென்றபடி பொறுமையாகக் கேட்டார்.

"ஏம்ப்பா, அப்படி ஒண்ணு கிடைச்சா, பேரு யாரு வைப்பா?"

"முதல்ல விவரிச்சு எழுதறவங்க."

"அவுகளா பார்த்து எதுவும் வைக்கலாமா?"

"தன் பேரைத் தானே வெச்சுக்கிற வழக்கம் கிடையாது பெரியப்பா. மத்தபடி ஊர் பேரு, ஆள் பேரு, வைக்கலாம். அந்த ஆந்திராப் பிராணிக்கு 'ஷாபுத்தீன்'னு ஒரு மனுஷர் பேரைத்தான் வெச்சாங்க."

பெரியப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

ஜே.சி.பி.க்காரரிடம் தை மாசம் வரச் சொல்லியிருக்கிறாராம். அதற்குள் நண்பரை முறையான வலையோடு ஒரு தடவை கூட்டிக்கொண்டு வரச் சொல்லி எனக்கு வாரா வாரம் போன் வருகிறது. பெரியப்பாவின் பேர் முனியாண்டி. லத்தீனில் எப்படி எழுதுவது என்று என் மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.