பதிமூணு கல் குதிரை

குதிரைக்கும் எனக்கும் ஜாதகப் பொருத்தம் சரியில்லை.

காலேஜ் படிக்கும்போது நண்பர்கள் உசுப்பிவிட்டு, மெரினாவில் ஒரு குதிரை மேல் ஏறினேன். போட்டோவுக்குத்தான். ‘ஸ்மைல் ப்ளீஸ்’ என்ற நேரத்தில் அது நேராக சுண்டல்காரரை நோக்கி நடையைக் கட்டியது. நான் பாதி வழியிலேயே இறங்கிக்கொண்டேன். ‘இறங்கிக்கொண்டேன்’ என்பது என் வெர்ஷன். நண்பர்களைக் கேட்டால் வேறு வார்த்தை சொல்வார்கள்.

அதற்கப்புறம் பி.காம். முடித்து, டெபிட் கிரெடிட்டோடு வாழ்க்கை ஓடிவிட்டது. குதிரை பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மாணிக்கவாசகர் கேஸ்தான். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த கஜானாப் பணத்தை எடுத்துப் போய் திருப்பெருந்துறையில் கோயில் திருப்பணி! கடைசியில் சிவபெருமானே நரிகளைப் பரிகளாக்கி டெலிவரி கொடுத்தார். ராத்திரியே எல்லாம் மறுபடி நரியாகி, ஸ்டாக்கில் பெரிய துண்டு விழுந்தது. ஆடிட்டிங் பேப்பரில் கேட்க வேண்டிய கேள்வி.

இப்படிப்பட்ட நான் குதிரை லாயத்தில் ஒரு சனிக்கிழமை முழுக்க நின்றேன் என்றால் நம்புவீர்களா? அதுவும் இங்கிலாந்தில்!

எங்க ஊர் சந்தவாசல். வேலூரிலிருந்து போளூர் போகிற பஸ்ஸில், கண்ணமங்கலம் தாண்டி, ‘படவேடு போறவங்கள்லாம் எறங்குங்க’ என்று கண்டக்டர் கத்துவாரே... அந்த ஸ்டாப். மேற்கே திரும்பினால் ஜவ்வாது மலை. ஆடி வெள்ளியில் ரேணுகாம்பாள் கோயில் கூட்டம். மற்ற நாளில் டீக்கடை, நாங்கள்.

லண்டன் பக்கம் வேலை பார்க்கிற பெரியப்பா மகன் போன வருஷம் பெரியம்மாவை வரச் சொன்னார். பெரியம்மாவுக்குத் தனியாகப் போக பயம். குடும்பத்தில் நிரந்தர உத்தியோகம் இல்லாத ஆள் யார் என்று தேடினார்கள். ரொம்ப நேரம் தேடவில்லை. ‘எழுதறவன்தானே, எங்கேயிருந்தாலும் எழுதிக்குவான்’ என்று டிக்கெட் போட்டுவிட்டார்கள்.

போன முதல் சனிக்கிழமை அண்ணி ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

“எங்கே அண்ணி, வயலுக்கா?”

“குதிரைச் சாணி அள்ளப் போறேன். வர்றீங்களா தம்பி?”

ஐ.டி. கம்பெனியில் மேனேஜராக இருக்கிற அண்ணி! லோன் ஏதாவது பாக்கியோ என்று பயந்துவிட்டேன். விஷயம் வேறு. அங்கே ஆர்.டி.ஏ. என்று ஒரு சங்கம் இருக்கிறது. ரைடிங் ஃபார் த டிஸேபிள்ட் அசோசியேஷன். மாற்றுத்திறனாளிகளுக்குக் குதிரை சவாரி. 1969-ல் ஆரம்பித்தது. இன்றைக்கு அந்த நாடு முழுக்க 400-க்கும் மேற்பட்ட கிளைகள். தலைவர் இளவரசி ஆன். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸில் தானே குதிரை ஏறியவர். ஆனால் கிளைகளை ஓட்டுவது இளவரசிகள் இல்லை. அண்ணி மாதிரி ஆட்கள்.

அண்ணி போகிற கிளையில் சம்பளம் வாங்குகிறவர்கள் இரண்டே பேர். பயிற்சியாளர் அம்மா ஒருத்தர், குதிரைகளைப் பார்த்துக்கொள்கிற பெண் ஒருத்தி. மீதி எல்லாம் வாலன்டியர்கள். ரிட்டயரான போஸ்ட்மேன், காலேஜ் பெண், பஸ் டிரைவர், எதற்கெடுத்தாலும் டீ போட்டுக் கொடுக்கிற எழுபது வயசுப் பாட்டி. அந்தப் பாட்டிதான் பொருளாளராம். கணக்குப் புத்தகத்தைப் பார்த்ததும் எனக்கு ஊர்க்காரரைப் பார்த்த சந்தோஷம்.

பயிற்சியாளர் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, “நீங்கள் எத்தனை ஸ்டோன்?” என்றார்.

நான் திகைத்தேன். ஸ்டோன் என்றால் கல். எத்தனை கல் என்றால்... கிட்னியிலா? அண்ணி காப்பாற்றினார். அங்கே மனுஷன் எடையைக் கல்லில்தான் சொல்வார்களாம். ஒரு ஸ்டோன் சுமார் 6.35 கிலோ. என் 82 கிலோ என்பது கிட்டத்தட்ட பதிமூணு கல். ஒவ்வொரு குதிரைக்கும் இவ்வளவு கல்தான் தாங்கும் என்று போர்டு எழுதி மாட்டியிருந்தார்கள். போர்டைப் பார்த்தேன். எனக்கு அங்கே குதிரை இல்லை. இரண்டு தரப்புக்கும் நிம்மதி.

முதலில் வந்தான் ஒரு பையன். எட்டு வயசிருக்கும். சக்கர நாற்காலி. மூளை முடக்குவாதம், அதாவது செரிப்ரல் பால்சி. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முதுகு நிற்கவில்லை.

எனக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது. ஏனென்றால் எங்க அக்கா பையனுக்கும் அதேதான். ஏழு வயசு. சந்தவாசலிலிருந்து வேலூருக்கு பிசியோதெரபிக்கு அக்கா அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவாள். நான் தாய்மாமன். தாய்மாமன் என்ன செய்வான்? ஊருக்குப் போகும்போது பொம்மை வாங்கிக்கொண்டு போவான்.

நாற்காலியை ஒரு சாய்வு மேடையில் ஏற்றினார்கள். மேல்மட்டத்துக்குப் பக்கத்தில் குதிரை வந்து நின்றது. அந்தப் பக்கம் ஒரு சத்தம், இந்தப் பக்கம் ஒரு ஈ... குதிரை அசையவில்லை. ‘நல்ல வயசான, எதுக்கும் அலட்டிக்காத குதிரைகளைத்தான் எடுப்போம்’ என்றார் அண்ணி. வேகமாக ஓடுகிற குதிரைக்கு இங்கே வேலை இல்லை. நிற்கத் தெரிந்த குதிரைதான் வேண்டும்.

பையனை ஹெல்மெட் போட்டு உட்கார வைத்தார்கள். போஸ்ட்மேன் முன்னால் கயிற்றைப் பிடித்தார். இந்தப் பக்கம் அண்ணி, அந்தப் பக்கம் காலேஜ் பெண். ஆளுக்கொரு கையால் அவன் தொடையை அணைத்துப் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்தில் நடப்பவர் என்று அந்த வேலைக்கே பெயர். சைடு வாக்கர். ஒரு பையனுக்கு மூணு பேர்!

குதிரை நடந்தால் என்ன ஆகிவிடும்? பயிற்சியாளர் அம்மா சொன்னதை என் பி.காம். மூளைக்குப் புரிந்தவரை சொல்கிறேன். நாம் நடக்கும்போது இடுப்பு முன்னும் பின்னும், பக்கவாட்டிலும், கொஞ்சம் சுழன்றும் அசைகிறது. குதிரையின் முதுகும் நடக்கும்போது கிட்டத்தட்ட அதே மாதிரிதான் அசைகிறது. ஆக, நடக்கவே நடக்காத குழந்தையின் இடுப்புக்கு நடை எப்படியிருக்கும் என்று குதிரை சொல்லிக்கொடுக்கிறது. விழாமல் இருக்க உடம்பு ஒவ்வொரு அடிக்கும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. முதுகுத் தசைக்கும் வயிற்றுத் தசைக்கும் வேலை. ‘நோய் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உட்காருவது, பேலன்ஸ், தைரியம்... இதெல்லாம் தேறலாம். எல்லாருக்கும் இது ஒத்துவராது. டாக்டர், தெரபிஸ்ட் சரி சொல்லாமல் நாங்கள் யாரையும் ஏற்றுவதில்லை’ என்றார்.

இது திடீரென்று முளைத்த விஷயமும் இல்லை. டென்மார்க்கில் லிஸ் ஹார்ட்டெல் என்று ஒரு பெண்மணி. 1944-ல், வயிற்றில் குழந்தையோடு இருக்கும்போது போலியோ தாக்கியது. கடைசிவரை முழங்காலுக்குக் கீழே செயலிழந்தே இருந்தது. குதிரையில் ஏறவும் இறங்கவும் ஆள் வேண்டும். அப்படியே 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸுக்குப் போனார். குதிரையை நளினமாக நடத்திக் காட்டுகிற டிரெஸ்ஸாஜ் போட்டியில் பெண்களையும் சேர்த்துக்கொண்டது அந்த வருஷம்தான் முதல் தடவை. ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம்! தங்கம் வாங்கிய ஸ்வீடன்காரர் ஹென்றி செயின்ட் சீர் கைகொடுத்து மேடை ஏற்றினார். 1956-ல் மறுபடி வெள்ளி. அதைப் பார்த்துத்தான் பல நாடுகளில் டாக்டர்கள் குதிரைப் பக்கம் திரும்பினார்கள்.

சரி, பையனிடம் வருகிறேன். இரண்டு சுற்று போனதும் குதிரையை நிறுத்தினார்கள். பையன் ‘வாக் ஆன்’ என்று சொன்னால்தான் அது நகரும். அதுதான் ரூல்.

பையன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. போஸ்ட்மேன் நின்றார். அண்ணி நின்றார். காலேஜ் பெண் நின்றாள். குதிரை நின்றது. பாட்டி கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. ‘வாக் ஆன்’ என்று நானே சொல்லிவிடலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. அண்ணி திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அடங்கினேன்.

ஒரு நிமிஷம் இருக்கும். “வா...க்” என்றான்.

குதிரை நகர்ந்தது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பட்டாபிஷேகம் ஆன ராஜா மாதிரி.

நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இங்கிலாந்தில் காற்று ஜாஸ்தி. கண்ணில் தூசி விழும்.

எங்க வீட்டில் அவன் வாயைத் திறக்குமுன் நாலு பேர் பதில் சொல்லிவிடுவோம். ‘தண்ணி வேணுமாம்.’ ‘தூக்கம் வருதாம்.’ பாசம்தான். ஆனால் ஏழு வருஷத்தில் அவன் சொல்லி முடிக்கட்டும் என்று ஒரு நிமிஷம் யாராவது நின்றோமா?

டீ குடிக்கும்போது பொருளாளர் பாட்டியின் கணக்கைப் புரட்டினேன். வைக்கோல், லாடம், வெட்டினரி டாக்டர், இன்ஷூரன்ஸ். வரவில் நன்கொடை, கேக் விற்ற பணம். எல்லாம் பைசா சுத்தம். “இதில் உங்க ஆட்களின் மணிக்கணக்கு வரவே இல்லையே?” என்றேன். “அதை எழுத ஆரம்பித்தால் நாங்கள் திவாலாகிவிடுவோம்” என்று சிரித்தார். இத்தனை வருஷமாக பேலன்ஸ் ஷீட் பார்க்கிறேன். பெரிய சொத்தே கணக்கில் வராத பேலன்ஸ் ஷீட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஊர் திரும்பியதும் வாசலிலேயே அறிவித்தேன். “மாமா, திருவண்ணாமலை தீபத்துக்கு மாட்டுச் சந்தையில குதிரையும் வருமில்ல? ஒண்ணு வாங்கறோம்!”

அக்கா வீட்டுக்காரர் அதிகம் பேச மாட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, “வாங்கலாம் மச்சான். கூட நடக்கறதுக்கு யாரு?” என்றார்.

சுருக்கென்றது. சந்தையில் வாங்குகிற பழகாத குதிரையில் குழந்தையை ஏற்றுவது ஆபத்து. அது ஒரு பக்கம். ஆனால் கேள்வி அதுவல்ல. இத்தனை வருஷம் வேலூர் பஸ்ஸில் அக்கா பக்கத்தில் யார் நடந்தார்கள்? மாமாவுக்கு நிலம், கடை. அம்மாவுக்கு முழங்கால். எனக்கு... எழுத்து. குதிரை இல்லாதது எங்க வீட்டுக் குறை இல்லை. பக்கத்தில் நடக்க ஆள் இல்லாததுதான் குறை.

இப்போது மாதத்தில் இரண்டு செவ்வாய்க்கிழமை நான் ஊரில். பையை நான் தூக்குகிறேன், பையனை அக்கா தூக்குகிறாள். திரும்பி வரும்போது மாற்றிக்கொள்கிறோம். மற்ற செவ்வாய்க்கு மாமா கடையைத் தம்பியிடம் விடுகிறார். வழியில் பாகாயம் வரும்போது அக்காவுக்கு மேரி வர்கீஸ் கதை சொன்னேன். சி.எம்.சி. டாக்டர். 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். 1966-ல் சி.எம்.சி.யில் மறுவாழ்வு மையம் திறந்ததற்கு அவர்தான் காரணம். லிஸ் ஹார்ட்டெல்லைத் தேடி லண்டன் போனேன். நம்ம ஊர் பஸ் ரூட்டிலேயே ஒருத்தர் இருந்திருக்கிறார்.

பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் குதிரை விஷயம் சொன்னேன். “குதிரை இல்லைன்னா பரவாயில்ல சார். கால் ரெண்டு பக்கமும் போட்டு உட்கார்ந்து பழகணும். உருளைத் திண்டு இருக்கா?” என்றார். இல்லை. என்னை ஒருமுறை பார்த்தார். அக்காவும் பார்த்தாள்.

ஆகவே மகாஜனங்களே, சந்தவாசலில் ஒரு குதிரை இருக்கிறது. பதிமூணு கல் எடை. கூடத்தில் நாலு காலில் நிற்கும். தெரபிஸ்ட் உத்தரவுப்படி தினம் ஐந்தே நிமிஷம். இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் மாமா தொடையை அணைத்துப் பிடித்துக்கொள்கிறார்கள். அம்மா திண்ணையில் உட்கார்ந்து மேற்பார்வை.

அவன் சொன்னால்தான் குதிரை நகரும். அதுதான் ரூல். முதல் வாரம் அம்மா நாலு தடவை, “பாவம்டா, போயேன்டா” என்றாள். குதிரை நகரவில்லை.

பத்தாம் நாள் என் முதுகுக்கு மேலிருந்து ஒரு குரல் வந்தது. “போ... மாமா.”

போனேன். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். பொருத்தமில்லாத ஜாதகம்தான். ஆனாலும் குதிரை உத்தியோகம் எனக்கு ஒத்துப்போகிறது.