ஒரே ஒரு சொல்லை வைத்து 23 வருட உரிமத்தைக் காலி செய்ய முடியுமா? 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' சர்ச்சை சொல்வது என்ன?

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' முதல் எபிசோடு ஞாபகம் இருக்கா? நான்கு சிறுவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடையை உருட்டி, 'டெமோகார்கன் வந்துடுச்சு' என்று அலறுவார்களே, அந்த விளையாட்டுதான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். சுருக்கமாக டி அண்ட் டி. 1974-ல் அமெரிக்காவில் வெளியானது. இப்போது ஹாஸ்ப்ரோ நிறுவனத்தின் கீழ் இருக்கும் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் இதை வெளியிடுகிறது.

2023 ஜனவரியில் இந்த நிறுவனத்துக்கும் அதன் ரசிகர்களுக்கும் இடையே வெடித்த சண்டைக்கு டிராகன் காரணமல்ல. ஓர் உரிம ஒப்பந்தம்.

முதலில் ஏன் இலவசமாகக் கொடுத்தார்கள்?

2000-ல் விஸார்ட்ஸ் 'ஓப்பன் கேம் லைசென்ஸ்' என்ற உரிமத்தை வெளியிட்டது. சுருக்கமாக ஓ.ஜி.எல். விளையாட்டின் அடிப்படை விதிகளை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், சொந்தமாகக் கதைகளும் புத்தகங்களும் எழுதி விற்கலாம், ராயல்டி தரத் தேவையில்லை. அப்போது அங்கே பணியாற்றிய ரையன் டான்சி, ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் உலகத்தைப் பார்த்துக் கொண்டுவந்த யோசனை இது.

தர்ம காரியம் என்று நினைத்துவிட வேண்டாம். சாகசக் கதைப் புத்தகங்களில் லாபம் குறைவு. விதிப் புத்தகத்தில்தான் காசு. மற்றவர்கள் கதை எழுதினால், அதை விளையாட எல்லோரும் விஸார்ட்ஸின் விதிப் புத்தகத்தைத்தானே வாங்கணும்? கணக்கு பலித்தது. இந்த உரிமத்தை நம்பியே பல சிறிய பதிப்பகங்கள் முளைத்தன.

2008-ல் நான்காம் பதிப்பு வந்தபோது விஸார்ட்ஸ் வேறொரு கெடுபிடியான உரிமத்துக்கு மாறியது. பைசோ என்ற பதிப்பகம் அதை ஏற்காமல், பழைய ஓ.ஜி.எல்-ஐ வைத்தே 2009-ல் 'பாத்ஃபைண்டர்' என்ற போட்டி விளையாட்டை உருவாக்கியது. விஸார்ட்ஸ் கொடுத்த விதிகளே விஸார்ட்ஸுக்குப் போட்டியாக நின்றன.

கசிந்தது என்ன?

2022 டிசம்பரில், டி அண்ட் டி-யில் இருந்து எடுக்க வேண்டிய வருமானத்தை இன்னும் எடுக்கவில்லை என்று முதலீட்டாளர்களிடம் விஸார்ட்ஸ் தலைமை பேசியது. அடுத்த மாதமே புதிய உரிமத்தின் வரைவு, ஓ.ஜி.எல் 1.1, கசிந்தது. ஆண்டுக்கு 7,50,000 டாலருக்கு மேல் விற்றால், கூடுதல் வருவாயில் 25% வரை ராயல்டி. லாபத்தில் அல்ல, வருவாயில்! அச்சு, காகிதம், ஓவியர் சம்பளம் போக மிஞ்சுவதே சொற்பம் என்ற தொழிலில் இது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் பெரிய அதிர்ச்சி வேறு. பழைய உரிமம் இனி 'அங்கீகரிக்கப்பட்டது' அல்ல என்றது வரைவு.

சிக்கலே அந்தச் சொல்லில்தான்

பழைய ஓ.ஜி.எல் 'நிரந்தரமானது' என்று சொல்கிறது. 'திரும்பப் பெற முடியாதது' என்று எங்கும் சொல்லவில்லை. அதன் 9-வது பிரிவு, உரிமத்தின் 'அங்கீகரிக்கப்பட்ட' எந்தப் பதிப்பையும் பயன்படுத்தலாம் என்கிறது. அப்படியானால் அங்கீகாரத்தை வாபஸ் வாங்கினால்? அந்த ஓட்டைக்குள்தான் நிறுவனம் கையை விட்டது. உரிமம் மாறினாலும் பழைய பதிப்பையே தொடரலாம் என்று ஒரு காலத்தில் விளக்கம் தந்ததும் இதே நிறுவனம்தான். அப்படி ரத்து செய்யும் அதிகாரம் கிடையாது என்று டான்சியே சொன்னார்.

வேடிக்கை என்னவென்றால், மற்றவர்களின் படைப்புகளைத் தான் பயன்படுத்திக்கொள்ளும் உரிமையைப் பற்றி எழுதும் இடத்தில் மட்டும், 'திரும்பப் பெற முடியாதது' என்ற சொல்லைப் புதிய வரைவு மறக்காமல் சேர்த்திருந்தது.

விளையாட்டு விதிகளுக்குக் காப்புரிமையே கிடையாதே, பிறகு உரிமம் எதற்கு என்று கேட்கலாம். அமெரிக்கச் சட்டப்படி விதிக்குக் காப்புரிமை இல்லை, அதை எழுதிய வாசகத்துக்கு உண்டு. இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்பதை நீதிமன்றம்தான் சொல்ல முடியும். மூன்று பேர் நடத்தும் பதிப்பகம் ஹாஸ்ப்ரோவின் வக்கீல்களோடு மோத முடியுமா? வழக்கு வராது என்ற நிம்மதிதான் ஓ.ஜி.எல் கொடுத்த உண்மையான பரிசு.

பின்வாங்கல்

ரசிகர்கள் குறிவைத்தது பணத்தை. நிறுவனத்தின் 'டி அண்ட் டி பியாண்ட்' தளச் சந்தாவை ரத்து செய்யுங்கள் என்ற அழைப்பு பரவியது. மார்ச்சில் டி அண்ட் டி திரைப்படம் வேறு வெளியாகவிருந்தது, நேரம் சரியில்லை. பைசோ, எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத 'ஓர்க்' என்ற உரிமத்தை அறிவிக்க, 1,500-க்கும் மேற்பட்ட பதிப்பாளர்கள் ஆதரவு தெரிவித்தனர்.

விஸார்ட்ஸ் திருத்திய வரைவோடு கருத்துக்கணிப்பு நடத்தியது. 15,000-க்கும் மேற்பட்டோர் பதிலளித்தார்கள். 88% பேர் புதிய உரிமத்தில் வெளியிட விருப்பமில்லை என்றனர். ஜனவரி 27 அன்று பழைய உரிமத்தைத் தொடப்போவதில்லை என்று அறிவித்ததோடு, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலும் வெளியிட்டது. இதை நிறுவனமே நினைத்தாலும் திரும்பப் பெற முடியாது.

ஆனாலும் பைசோ காத்திருக்கவில்லை. 2023 நவம்பரில் பாத்ஃபைண்டரைத் திருத்தி ஓர்க் உரிமத்துக்கு மாற்றியது. 'மேஜிக் மிசைல்' என்ற புகழ்பெற்ற மந்திரம்கூட 'ஃபோர்ஸ் பராஜ்' ஆனது. 2025-ல் வந்த புதிய விதித் தொகுப்பையும் விஸார்ட்ஸ் கிரியேட்டிவ் காமன்ஸில்தான் வெளியிட்டது.

மூன்றாம் பதிப்பின் விதிகளை நம்பி இன்றும் புத்தகம் போடுபவர்களுக்கு மட்டும் பழைய ஓ.ஜி.எல்-தான். அந்த வழக்கு நீதிமன்றப் படி ஏறவே இல்லை. 9-வது பிரிவில் 'அங்கீகரிக்கப்பட்ட' என்ற சொல் இப்போதும் அப்படியே இருக்கிறது.