எந்தக் கொடிக்காகத் தாண்டினால் என்ன?

கியூபாவில் பிறந்த மும்முறைத் தாண்டுதல் வீராங்கனை யாமிலே அல்டாமா. 1999 உலகப் போட்டியில் தாய்நாட்டுக்கு வெள்ளிப் பதக்கம் வாங்கித் தந்தவர். மணமாகி 2001-ல் லண்டனில் குடியேறினார். குடியுரிமை கிடைக்கவில்லை. 2003-ல் ரோமில் 15.29 மீட்டர் தாண்டினார். அதே ஆண்டு பாரிஸ் உலகப் போட்டியில் 15.18 மீட்டருக்கே தங்கம்! யாமிலே அங்கு இல்லை. அவரை அனுப்ப ஒரு நாடு இல்லை.

சூடான் சேர்த்துக்கொண்டது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அந்நாட்டுக்காக ஐந்தாமிடம். 2010-ல்தான் பிரிட்டிஷ் குடியுரிமை வந்தது. 2012-ல், 39 வயதில், இஸ்தான்புல் உள்ளரங்க உலகப் போட்டியில் பிரிட்டனுக்குத் தங்கம் வென்றார்.

மூன்று கொடி பிடித்தவர் என்று ஏசுவோர் உண்டு. நாம் ஏசலாமா? பிழைக்க வந்த ஊரில் ஒரு ரேஷன் கார்டுக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவர்களுக்கு அந்த அவஸ்தை புரியும். கார்டு தாமதமானால் அரிசிதான் போகும். அவருக்குப் போனது இளமை. விதி வேண்டியதுதான். ஆனால் மனு நிலுவையில் இருக்கும்போதே, குடியிருக்கும் நாட்டுக்காக விளையாட விட்டால் என்ன குடிமுழுகிப் போகும்? ஃபைல் காத்திருக்கும், வயது காத்திருக்குமா?