ஒழுகுற இடம் வேற, கோளாறு வேற

மூணு மாசத்துல மூணு தடவை செலவு. முதல்ல ரேடியேட்டர் மேல் ஹோஸ், அப்புறம் கீழ் ஹோஸ், கடைசியா ரேடியேட்டரையே மாத்தியாச்சு. பதினைஞ்சு நாள் கழிச்சுக் காலையில பார்த்தா, கார் நின்ன இடத்துல மறுபடியும் ஈரம்.

என்னுது இருபது வருஷத்துக்கு மேல ஓடின பெட்ரோல் கார். 'வித்துட்டுப் புதுசு வாங்க வேண்டியதுதானே'ன்னு சென்னையில இருக்கிறவங்க சுலபமா கேட்டுடுவீங்க. பிரம்மதேசத்துல எங்க தெருவுல நடுராத்திரி யாருக்கு நெஞ்சு வலின்னாலும் தட்டுறது எங்க வீட்டுக் கதவைத்தான். அதனால இது என் ஒருத்தன் வண்டி இல்ல.

பங்குனி மாசம் பக்கத்து வீட்டுப் பெரியப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. திண்டிவனத்துல காட்டிட்டு, முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறேன். விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில நின்னதும் டெம்பரேச்சர் முள் சரசரன்னு ஏறுது. வண்டி ஓடும்போது எதிர்க்காத்து ரேடியேட்டரை ஆத்தும். நின்னுட்டா விசிறி ஒண்ணுதான் கதி. ஏசியை நிறுத்திட்டு ஹீட்டரைப் போட்டேன். இன்ஜின் சூட்டுல கொஞ்சம் உள்ள வந்துடும், முள் இறங்கும். ஆனா பங்குனி வெயில்ல மூச்சுத் திணர்ற மனுஷன் முகத்துல அனல் அடிக்குது. அவர் ஒரு வார்த்தை பேசல. போய்ச் சேர்ந்துட்டோம், நாலு நாள்ல வீட்டுக்கும் வந்துட்டார். எனக்குத்தான் அந்தப் பயம் போகல.

அதுக்கப்புறம்தான் லாரி வேலை பார்த்துப் பழகின ஒரு வயசான மெக்கானிக்கிட்ட போனேன். அவர் ஒழுகுற இடத்தைப் பார்க்கவே இல்ல. "எந்தத் தண்ணி ஊத்துறீங்க?"ன்னு கேட்டார். போர் தண்ணின்னேன். இன்ஜின் ஆறினதும் ரேடியேட்டர் மூடியைத் திருகி எடுத்து என் கையில கொடுத்தார். ரப்பர் வெடிச்சிருக்கு, ஸ்பிரிங் முழுக்க வெள்ளையா உப்பு.

மூடின்னா வெறும் மூடி இல்லையாம், குக்கர் வெயிட் மாதிரி. பெரும்பாலான கார்கள்ல ஒரு பார் அழுத்தத்துக்கு முன்னப்பின்ன உள்ள பிடிச்சு வைக்கும். அழுத்தம் இருந்தா தண்ணி நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காது. அளவு மீறினா மூடி தூக்கி, மிச்சத்தைப் பக்கத்துல இருக்கிற டப்பாவுக்கு விட்டுடும். என் மூடி உப்பு பிடிச்சு இறுகிப் போச்சு, தூக்கவே இல்ல. அழுத்தம் என்ன செய்யும்? இருக்கிறதுல எது இளைச்சதோ அதைப் பிளக்கும். மேல் ஹோஸை மாத்தினா கீழ் ஹோஸ், அதை மாத்தினா ரேடியேட்டர். புது ரேடியேட்டருக்கும் அந்தப் பழைய மூடியையே திருகிக் கொடுத்திருக்காங்க!

கைப்பம்பு ஒண்ணை ரேடியேட்டர் வாயில மாட்டி, இன்ஜினை ஓட்டாமலே காத்தடிச்சு வச்சார். மீட்டர் மெதுவா இறங்குது. இந்தத் தடவை கசிவு வாட்டர் பம்புக்கு அடியில இருக்கிற சின்ன ஓட்டையில. அதுல சொட்டினா உள்ள சீல் போயிடுச்சுன்னு அர்த்தம். ஆயில்ல தண்ணி கலக்கல, ரேடியேட்டர்ல குமிழி வரல, அதனால ஹெட் கேஸ்கட் தப்பிச்சுது. இவ்வளவும் அரை மணி நேர வேலை. பம்பும் மூடியும் மாத்தி, உள்ள கழுவிவிட்டப்போ சேறு மாதிரி மஞ்சளா வந்துச்சு. ஆமாங்க, லாரிக்காரர் ஒருத்தர் பேச்சைக் கேட்டு மஞ்சள் தூள் கொட்டினவன்தான் நானும். வழியில நின்னா வீடு வந்து சேர அது உதவலாம், அதோட சரி.

முன்னாடி பார்த்தவங்களை ஏமாத்துக்காரங்கன்னு சொல்ல மாட்டேன். பார்ட்ஸுக்குப் பில் கொடுத்தா பேசாம எடுத்து நீட்டுறோம். உட்கார்ந்து பார்க்கிற அரை மணி நேரத்துக்கு முன்னூறு ரூபாய் கேட்டா, 'ஒண்ணுமே மாத்தலையே, எதுக்குக் காசு?'ன்னு சண்டைக்குப் போறோம். அப்புறம் அவங்க ஏன் பார்க்கணும்? மாத்தத்தான் செய்வாங்க.

என் கூத்து அதைவிடப் பெருசு. எங்க போர் தண்ணி உப்பு. தர்பூசணிக்குப் போட்ட சொட்டுநீர்க் குழாய் அடைச்சுக்கும்னு வருஷா வருஷம் ஆசிட் விட்டுக் கழுவுறேன். அதே தண்ணியைக் குடம் குடமா இன்ஜின்ல ஊத்தியிருக்கேன். 'கூலன்ட்டெல்லாம் பனி பெய்யுற ஊருக்கு'ன்னு வியாக்கியானம் வேற. அது துரு பிடிக்காம காக்கும், கொதிநிலையையும் ஏத்தும். இப்போ பாதி கூலன்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர். உங்க அபார்ட்மென்ட் போர் தண்ணியும் இதுக்கு ஆகாது.

ஒண்ணு கவனிங்க: கூலன்ட் இனிக்கும். கீழ சொட்டினதை நாயோ கன்னுக்குட்டியோ நக்கினா கிட்னி போய்ச் செத்துடும். அதனால வடிச்சதை வாய்க்கால்ல விடாம கேன்ல பிடிச்சு வாங்கிட்டு வந்தேன், இன்னும் கொட்டகை மேல உயரத்துல இருக்கு.

ராத்திரி காருக்கு அடியில அட்டை விரிச்சு வைக்கிறேன். இன்னைக்குக் காலையிலயும் காய்ஞ்சுதான் இருந்துச்சு. பெரியப்பா குச்சியை ஊனிக்கிட்டு வந்து குனிஞ்சு பார்த்தார். "வண்டி சரியாயிடுச்சு இல்ல? அடுத்த தடவை அந்த ஹீட்டர் மட்டும் வேணாம்டா தம்பி"ன்னார்.